சத்தம் இல்லாத சமையல்
நெய்யாற்றின்கரை டி.வி. கடை நினைவுகள்

டி.வி. கடையில் வேலை பார்த்தவன் என்று சொன்னால், "அப்படியானால் கிரிக்கெட்டும் சினிமாவும் ஓசியிலே பார்த்திருப்பீர்களே!" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தேன், இல்லை என்று சொல்லவில்லை. 1996 உலகக் கோப்பை அரை இறுதியில் கல்கத்தா மைதானத்து ரசிகர்கள் ரகளை செய்து ஆட்டம் பாதியில் நின்றபோது, எங்கள் கடை வாசலில் நின்ற கூட்டமும் சேர்ந்து கத்தியதில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ஆனால் 22 வருஷம் அந்தக் கடையில் நின்ற எனக்கு இன்றைக்கும் மனதில் நிற்பவை அவையல்ல. சமையல் நிகழ்ச்சிகள்தான். அதுவும் சத்தம் இல்லாத சமையல் நிகழ்ச்சிகள்.

சிரிக்காதீர்கள். வெளியூரில் வேலை பார்த்து, ஸ்டவ்வில் தானே பொங்கித் தின்னும் நம்மவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

என் ஊர் விளவங்கோடு தாலுகாவில் களியக்காவிளைக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். அப்பா ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவள். 1987-ல் நான் நெய்யாற்றின்கரையில் ஒரு ரேடியோ, டி.வி. விற்பனைக் கடையில் சிப்பந்தியாகச் சேர்ந்தேன். பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரம். தினசரி காலை களியக்காவிளையில் கேரள அரசு பஸ் பிடித்து, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை தாண்டி அரைமணிக்குச் சற்று மேலான பிரயாணம். இரவு எட்டரைக்கு மேல் திரும்பி வருவேன். ரயில் கிடைத்தால் ரயில். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு 1979-ல் ரயில் வந்ததிலிருந்து நம்மவர்கள் எத்தனையோ பேர் அப்படித்தான் போய் வருகிறார்கள்.

எல்லைக் கிராமத்து வாழ்க்கை எப்படி என்று மற்ற ஊர் வாசகர்களுக்கு இரண்டு வரி சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டுப் போராடியவர்கள் உண்டு. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு ரோட்டில் விழுந்ததே தவிர அடுக்களையில் விழவில்லை. அவியலும் தீயலும், மரச்சீனிக் கிழங்கும் மீன் கறியும், புட்டும் கடலையும் கோட்டுக்கு இந்தப் பக்கமும் ஒன்றுதான், அந்தப் பக்கமும் ஒன்றுதான். பெயர் சொல்கிறபோது நாக்கு கொஞ்சம் வளையும், அவ்வளவே.

டி.வி. பெட்டிக்கும் கோடு தெரியாது. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985 ஜனவரி 1 முதல் மலையாளத்தில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, அதைத் தெளிவாகப் பார்த்தவர்களில் எங்கள் ஊர்த் தமிழர்களும் சேர்த்தி. 1987-ல் கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகும் தமிழ் நிகழ்ச்சி எங்கள் ஊரில் புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தது. மலை குறுக்கே நின்றது. கடற்கரைப் பக்கத்தில் சிலர் தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டு இலங்கை ரூபவாஹினியைப் பிடிப்பார்கள். "வயலும் வாழ்வும்" பார்க்க ஆசைப்பட்ட எங்கள் ஊர் விவசாயிகள் மலையாளத்தில் தென்னைக்கு மருந்தடிக்கக் கற்றுக்கொண்டார்கள்!

மிளகாய் பொய் சொல்லாது

கடையில் அப்போது கெல்ட்ரான், சாலிடேர், டயனோரா, பி.பி.எல்., ஒனிடா என்று வரிசையாகப் பெட்டிகள் இருக்கும். நான் சேர்ந்த வருஷம் ஜனவரியில்தான் ஞாயிற்றுக்கிழமை ராமாயணத் தொடர் தொடங்கியிருந்தது. பெட்டி வாங்காத வீடு பெட்டி வாங்கிற்று. கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் பாதிக்கு மேல்; கலர் பெட்டி வளைகுடாப் பணம் வந்த வீட்டுக்குத்தான் போகும்.

கலர் டி.வி. விற்பவனுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. சினிமாப் பாட்டைப் போட்டுக் காட்டினால் கதாநாயகி கட்டியிருப்பது பச்சைச் சேலையா, நீலச் சேலையா என்று வாங்க வந்தவருக்கு எப்படித் தெரியும்? பெட்டி எதைக் காட்டுகிறதோ அதுதான் நிறம். ஆனால் கறிவேப்பிலை என்ன பச்சை, மஞ்சள்பொடி என்ன மஞ்சள், வத்தல் மிளகாய் என்ன சிவப்பு என்பது அறுபது வயதுப் பாட்டிக்கும் தெரியும். பெட்டி பொய் சொன்னால் அந்த நிமிஷமே பிடித்துவிடுவாள். எங்கள் முதலாளி இதைப் பழக்கத்தில் கண்டுபிடித்து வைத்திருந்தார். "சமையல் வந்தால் மாற்றாதே. அதுதான் நம் சேல்ஸ்மேன்" என்பார்.

வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும்: பழைய குழல் டி.வி.யில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று நிறம்தான் உண்டு. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் மஞ்சள். பழுப்பு என்று தனியாக ஒன்று கிடையவே கிடையாது. ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தைக் குறைத்தால் நம் கண் அதைப் பழுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் என்ற மூன்று குமிழ்களையும் திருகித்தான் இதைச் சரிக்கட்ட வேண்டும். ஆகையால் சாம்பார் மஞ்சளைக் காட்டுவது சுலபம். வறுத்த தேங்காயைக் காட்டுவதுதான் கஷ்டம். இந்தச் சின்ன விஷயம் என்னை ஒருநாள் அழவைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தூர்தர்ஷன் காலத்தில் மகளிர் நிகழ்ச்சிக்குள்ளே ஒரு துணுக்காகத்தான் சமையல் வரும். மேசை மேல் நாலைந்து கிண்ணம். பின்னால் ஓர் அம்மாள், பரீட்சை எழுதுகிற முகத்தோடு. பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். கேபிள் வந்த பிறகுதான் மடை திறந்தது. 1993 ஏப்ரலில் சன் டி.வி., ஆகஸ்டில் ஏஷியாநெட். அதே வருஷம் ஜீ டி.வி.யில் சஞ்சீவ் கபூரின் "கானா கஜானா". எந்த நேரத்தில் திருகினாலும் ஏதாவது ஓர் அடுப்பு எரியும்.

இது ஏதோ நம் காலத்து வேடிக்கை என்று நினைத்திருந்தேன். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, உலகப் போர் முடிந்தும் ரேஷன் தீராத இங்கிலாந்தில் 1946-லேயே பிலிப் ஹார்பன் என்பவர் பி.பி.சி.யில் சமைத்துக் காட்டியிருக்கிறார்! 1963-ல் பாஸ்டன் நகரில் ஜூலியா சைல்டு என்ற அம்மாள் பிரெஞ்சுச் சமையலை அமெரிக்கர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டும் கறுப்பு வெள்ளையில். மிளகாய்ச் சிவப்பே தெரியாமல் அவர்கள் என்ன பார்த்தார்களோ!

திண்ணைப் பார்வையாளர்கள்

எங்கள் கடையில் ஒரு விதி உண்டு. பெட்டிகள் ஓடும்; சத்தம் வராது. கேசட் விற்கும் மேசையில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஆகையால் நான் பார்த்த சமையல் எல்லாம் யேசுதாஸ் பாட்டோடு நடந்த சமையல். உருளைக்கிழங்கு நறுக்குகிறபோது சோக கீதம். எண்ணெய் கொதிக்கிறபோது ஐயப்ப கானம்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் கடைத் திண்ணையில் ஒரு கூட்டம் சேரும். பெரும்பாலும் நம்மவர்கள். இன்றைக்குக் கேரளத்தில் கட்டட வேலைக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வருகிறார்கள். அன்றைக்கு அந்த வேலையெல்லாம் தமிழர்கள் கையில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக் கொத்தனார்கள், சித்தாள்கள், துணி தேய்க்கிறவர்கள், பழைய இரும்பு எடுக்கிறவர்கள், நடுவே ரயிலுக்கு நேரம் பார்த்து நிற்கும் ஆபீஸ் குமாஸ்தாக்கள். கையில் அரைக்கிலோ அரிசி, கால் கிலோ தக்காளி, காகிதப் பொட்டலத்தில் மிளகாய்ப் பொடி. அறைக்குப் போய்ச் சமைக்க வேண்டும். போவதற்கு முன் பத்து நிமிஷம் கண்ணாடி வழியாக மற்றொருவர் சமைப்பதைப் பார்ப்பார்கள்.

பசியோடு நின்று சமையல் பார்ப்பது வேதனை அல்லவா என்று கேட்கலாம். அப்படி இல்லை. நான் கவனித்தவரையில் பசியில் நிற்கிறவன்தான் கூர்ந்து பார்க்கிறான். பட்டணத்து ஓட்டலில் தின்றுவிட்டு வருகிறவர் விலைச்சீட்டைத்தான் பார்ப்பார்.

முதன்முதலில் "பனீர்" என்ற பொருளை அந்தத் திண்ணையில்தான் பார்த்தோம். வெள்ளைச் சதுரம் சதுரமாக எதையோ சஞ்சீவ் கபூர் சட்டியில் போடுகிறார். இந்தி, அதுவும் சத்தம் இல்லை. தேங்காய்ச் சில் என்றார் ஒருவர். அவித்த மரச்சீனி என்றார் இன்னொருவர். "சோப்புக்கட்டி மாதிரி இருக்கே அண்ணே" என்றார் ஒரு கொத்தனார். ஒரு வாரம் விவாதம் நடந்தது. கடைசியில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றுவந்த ஒரு பெரியவர்தான் அது பால்கட்டி என்று தீர்ப்பு வழங்கினார். பாலைத் திரித்துத் தின்பதா என்று கூட்டம் கலைந்து போயிற்று.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் அதிலே ஒருவர். வயது இருபது இருக்கும். சித்தாள் வேலை. அவர்கள் அறையில் எட்டுப் பேர், முறைவைத்துச் சமைப்பார்கள். இவர் முறை வருகிற அன்று மட்டும் கண்ணாடிக்கு ஒட்டி நிற்பார். ஒருநாள் டி.வி. அம்மாள் குழம்பில் வெள்ளையாக ஏதோ இரண்டு சிட்டிகை போட்டதைப் பார்த்துவிட்டு, அது உப்பு என்று நினைத்து, ஏற்கெனவே உப்புப் போட்டிருந்த குழம்பில் மறுபடியும் உப்பைப் போட்டுவிட்டார். அந்த அம்மாள் போட்டது சர்க்கரை. ஏழு பேர் சேர்ந்து இவரைத் திட்டியிருக்கிறார்கள். மறுநாள் என்னிடம் வந்து, "அண்ணே, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். சமையல் வர்றப்போ மட்டும் கொஞ்சம் சவுண்டு வையுங்க" என்றார். முதலாளி இல்லாத நேரம் பார்த்து வைக்கத் தொடங்கினேன். முதலாளிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாத மாதிரி இருந்தார்.

கருகிய தீயல்

1996 மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். பத்து நாள் காய்ச்சல்தான். எனக்கு 28 வயது, கல்யாணம் ஆகவில்லை. தங்கை பள்ளி இறுதி வகுப்பு. அப்பா விடிவதற்கு முன் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டு, பத்துமணிக்குப் பசியோடு வருவார்.

எனக்குச் சாதம் வடிக்கக்கூடத் தெரியாது. சின்ன வயதில் அடுக்களைப் பக்கம் போனால், "ஆம்பிளைப் பிள்ளைக்கு அடுக்களையில என்னடே வேலை?" என்று அம்மா விரட்டிவிடுவாள். பாசத்தில் சொன்னதுதான். அந்தப் பாசத்தால் அவள் போன மறுநாளே மூன்று பேர் பட்டினி.

சொந்தக்காரர்கள் எத்தனை நாள் சோறு கொண்டுவருவார்கள்? பதினாறு முடிந்ததும் நின்றுவிட்டது. தங்கை கஞ்சியும் பயறும் வைக்கக் கற்றுக்கொண்டாள். அப்பா குறை சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை. கஞ்சித் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வார். தோட்டத்துக்குப் போகிற மனிதன் ஒரு மாதத்தில் பாதியாகிவிட்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அப்பாவுக்குப் பிரியம் தீயல். வாரத்தில் இரண்டு நாளாவது அம்மா வைப்பாள். உள்ளித் தீயல், பாவைக்காய்த் தீயல், கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சேர்த்து ஒரு தீயல். தேங்காயைத் துருவி, மல்லி, வத்தல் மிளகாய், நாலு உள்ளி சேர்த்து நிறம் மாற வறுத்து, எண்ணெய் கக்க அரைத்து, புளித்தண்ணீரில் கொதிக்கவிடுவது. சொல்லும்போது சுலபம்.

ஒருநாள் மத்தியானம் மலையாளச் சேனல் ஒன்றில் தீயல் வைக்கத் தொடங்கினார்கள். நான் வியாபாரத்தை விட்டுவிட்டு, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். சத்தம் இல்லை, கடைக்கு ஆள் வந்திருந்தது. வரிசையில் கடைசிப் பெட்டிக்கு முன்னால் நின்றேன். தேங்காய் வறுபட்டு, வறுபட்டு, அந்தப் பெட்டியில் காப்பிக்கொட்டை மாதிரிக் கறுத்தது. அந்த அம்மாள் இறக்கினார். "காப்பிக்கொட்டை நிறம்" என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுத்தேன். புகையில் தங்கை இருமினாள். அரைத்துக் கொதிக்கவிட்டால் கறுப்பாக எதுவோ சட்டியில் நின்றது. அப்பா ஒரு வாய் வைத்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. "கரிஞ்சு போச்சு மக்கா. பரவாயில்ல" என்று சொல்லி மிச்சத்தையும் தின்றார். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத மனிதர், கசப்பை முழுக்கத் தின்றார். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தக் கடைசிப் பெட்டியைப் பார்த்தேன். யாரோ வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளை பிரைட்னஸ் குமிழைக் கீழே திருகி வைத்திருந்தது. தேங்காய் பழுப்பாகத்தான் வறுபட்டிருக்கிறது. பெட்டிதான் கறுப்பாகக் காட்டியிருக்கிறது! மிளகாயை வைத்து நிறம் பார்க்கிற வித்தையைப் பத்து வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவன், என் அடுப்பில் மட்டும் கோட்டை விட்டேன்.

கண்ணை மூடச் சொன்ன அக்கா

திண்ணைக்கு வருகிறவர்களில் ஓர் அக்கா உண்டு. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். பிறந்த இடம் பாலராமபுரம். ஏறக்குறைய 200 வருஷத்துக்கு முன் திருவிதாங்கூர் மன்னர் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வரவழைத்துக் குடியேற்றிய நெசவுக் குடும்பங்கள் அங்கே உண்டு. அப்படிப்பட்ட ஒரு குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேசுவது தமிழ். பிள்ளைகள் படிப்பது மலையாளம். பாறசாலைப் பக்கம் தனுவச்சபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற நேரத்தில் எங்கள் பெட்டிகளைப் பார்ப்பார். மத்திய கேரளத்துச் சமையல்காரர் மீன் கறிக்குக் குடம்புளி போட்டால், "நம்ம ஊரு சாளைக்கு இது ஒத்துவருமா தம்பி? வாளம்புளியும் மாங்காயும்தானே!" என்று சத்தமாகவே விமரிசனம் செய்வார்.

அவரிடம் தீயல் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "டி.வி.யிலே ரெண்டு நிமிஷத்திலே தேங்கா வறுத்துப் போடுதாங்க தம்பி. நமக்கு அரைமணிக்கூறு வேணும். நிறத்தைப் பார்த்து இறக்கினா பிந்திப்போகும். சட்டிச் சூடு பின்னேயும் வறுக்கும். மணம் மாறும்போது இறக்கணும். அந்தப் பெட்டிக்கு மூக்கு இல்லையே" என்றார்.

1997 ஓணத்துக்கு அந்த அக்கா சீட்டுப் பணம் எடுத்து 20 அங்குலக் கலர் டி.வி. வாங்கினார். முன்பணம் போக மிச்சம் தவணையில். பெட்டியை ஏற்றிக்கொண்டு மாட்டிக் கொடுக்கப் போனவன் நான். கேபிள் எட்டாத ஊர். ஓட்டுக் கூரை மேல் ஏறி ஆன்டெனாவைத் திருவனந்தபுரம் திசைக்குத் திருப்பி, கீழே இருந்து பிள்ளைகள் "ஆயி, ஆயி! போயி, போயி!" என்று கத்த, ஒருவழியாகப் படம் விழுந்தது. ஏதோ விவசாய நிகழ்ச்சி. வாழைத்தோட்டம். அக்கா பார்த்துவிட்டு, "இது என்ன வாழை? நம்ம வாழை இப்படியா இருக்கு?" என்று ஜன்னலைத் திறந்துவிட்டார். வெளியே அவர் வீட்டு வாழை. அதைப் பார்ப்பேன், குமிழைத் திருகுவேன். மறுபடியும் அதைப் பார்ப்பேன். இரண்டு பச்சையும் ஒன்றானபோது அந்த வீட்டுக்காரர் கைதட்டினார். என் உத்தியோக வாழ்க்கையில் அதைப்போல் சுத்தமாக ஒரு பெட்டியை நான் வேறெங்கும் சரிசெய்ததில்லை.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். அக்கா என்னை நேரே அடுக்களைக்குக் கூட்டிப்போனார். உருளியில் தேங்காய் விழுந்தது. அகப்பையை என் கையில் கொடுத்து, "கிண்டு. இப்போ கண்ணை மூடு" என்றார்.

பத்து வருஷம் கண்ணால் மட்டும் சமையல் பார்த்தவனுக்குக் கண்ணை மூடு என்றால் எப்படி இருக்கும்! முதலில் பச்சைத் தேங்காய் மணம். கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு பலகாரம் சுடுகிற வீட்டு மணம். "இன்னும் இல்லே" என்றார். கை வலித்தது. மல்லி விழுந்ததும் மணம் கலங்கிற்று. பிறகு ஒரு நொடியில் அது மாறிற்று. அம்மா தீயல் வைக்கிற நாளில் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலிக்கு வெளியிலேயே வருமே, அந்த மணம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "அக்கா" என்று மட்டும் சொன்னேன். "அதுதான். இறக்கு. இறக்கியும் கிண்டு" என்றார்.

ஒரு தூக்குவாளி நிறைய ஊற்றிக் கொடுத்தார். பாறசாலையில் பஸ் ஏறி, மடியில் வைத்துக்கொண்டு மாநில எல்லையைக் கடந்தேன்.

அப்பா அன்றிரவு இரண்டு தடவை சோறு வாங்கினார். "ஆரு வச்சது?" என்று கேட்டார். வறுத்தது நான், வைத்தது பாறசாலைப் பக்கத்தில் ஓர் அக்கா என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நானே வைத்தேன். தின்றுவிட்டுக் கை கழுவப் போகும்போது, "புளி கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். அம்மாவிடம் முப்பது வருஷம் அவர் சொன்னது இந்த ஒரு வாக்கியம்தான். நன்றாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அதன் பிறகு அவர் பதினான்கு வருஷம் இருந்தார். தங்கைக்குக் கல்யாணமாயிற்று, எனக்கும் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைத் தீயல் மட்டும் என் பொறுப்பாகவே இருந்தது.

பிறகு வந்தவர்கள்

2000-க்குப் பிறகு சமையல்காரர்களும் நட்சத்திரங்கள் ஆகிவிட்டார்கள். கைரளி டி.வி.யில் லட்சுமி நாயர் "மேஜிக் அவன்" நடத்தினார். அதைப் பார்க்கவே பெண்கள் நேரம் பார்த்துக் கடைக்கு வருவார்கள். நம் பக்கத்தில் கவியரசு கண்ணதாசனின் மகள் ரேவதி சண்முகம் பக்கத்து வீட்டு அக்கா மாதிரிப் பேசிக்கொண்டே வைப்பார். உத்தமபாளையத்துக்காரர் ஜேக்கப், கிராமத்துச் சமையலைத் தேடித்தேடிக் காட்டினார். 2012 நவம்பரில் 38 வயதிலேயே போய்விட்டார், பாவம். செஃப் தாமு 2010-ல் தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு மேல் நின்று 617 பதார்த்தம் சமைத்துக் கின்னஸ் சாதனை செய்தார். 2025-ல் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். சமையல் அறைக்குள் நிற்கிற ஆணைப் பார்த்து இப்போது யாரும், "உனக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்பதில்லை.

பெட்டிகள் தட்டையாயின. மூன்று குமிழ்கள் மறைந்து ரிமோட்டுக்குள் போயின. திருவனந்தபுரத்தில் பெரிய பெரிய ஷோரூம்கள் வந்தன. தவணையும் அவர்களே கொடுத்தார்கள். 2009-ல் எங்கள் முதலாளி கடையை மூடினார். கணக்குப் பார்த்துச் சேரவேண்டியதைக் கொடுத்து, "ஏதாவது ஒரு பெட்டி எடுத்துக்கொள்" என்றார். நான் அந்தக் கடைசி வரிசைப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். விற்காமலே இருந்தது. இன்றைக்கும் பரணில் கிடக்கிறது, படம் வராது.

போன வருஷம் களியக்காவிளைச் சந்தைப் பக்கம் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் டீ குடிக்க ஏறினேன். கல்லாவில் இருந்தவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். தலை நரைத்திருந்தது. "அண்ணே, சவுண்டு வையுங்கன்னு சொல்லுவேனே, ஞாபகம் இருக்கா?" என்றார். அந்தச் சங்கரன்கோவில் இளைஞர்! எட்டுப் பேருக்குச் சமைத்தது பிறகு கம்பெனி ஆட்கள் நாற்பது பேருக்குச் சமைப்பதாகி, அப்புறம் மண்வெட்டியை வைத்துவிட்டு முழுநேரமும் அடுப்படிக்கே வந்துவிட்டாராம். பெண்டாட்டி பாறசாலைக்காரி. கடையில் தமிழ்நாட்டு ரசமும் உண்டு, கேரளத்துப் புளிசேரியும் உண்டு. எல்லைக் கடைக்கு இரண்டும் வேண்டுமே.

சுவரில் பெரிய டி.வி. மாட்டியிருந்தது. யாரோ சாம்பார் வைத்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் இல்லை; கடை இரைச்சலில் வைத்தும் பிரயோஜனம் இல்லை என்றார். பிறகு சற்றுத் தயங்கிவிட்டு, "அண்ணே, அந்தச் சாம்பாரு ரொம்பச் சிவப்பா இருக்கு. நானும் எத்தனையோ அமுக்கிப் பார்த்துட்டேன். கொஞ்சம் பாருங்க" என்று ரிமோட்டைக் கையில் கொடுத்தார்.

கலரைக் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். சமையல்கட்டுக் கதவிடுக்கில் அவருடைய சாம்பார் அண்டா தெரிந்தது. அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.